எழுத வாசிக்கக் கற்றுக்கொண்டோர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் தெரிந்த யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அந்தக் கோபத்தால் எனக்கு வந்த நட்டங்களைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. ஒரு கலியாணப் பேச்சுக் குழம்பியது, போகட்டும். இரண்டு இடமாற்றம் வந்தது, அதுவும் போகட்டும். ஆனால் கிளிநொச்சியில் ஒருமுறை நான் கோபப்பட்டேன், நட்டப்பட்டது வேறொரு மனுசி. எத்தனையோ வருடமாகியும் அது மட்டும் எனக்குச் செமிக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் அங்கே படிப்பிக்கப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து ரெயிலில் வந்து இறங்கிய முதல் நாள், 'இதுதானா பட்டணம்?' என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றது ஞாபகம். ஒரு தெரு. தெருவின் ஒரு பக்கம் நெல் ஆலை, மறு பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை, கொஞ்சம் தள்ளி முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் நானாவின் புடவைக்கடை, அதற்கும் அப்பால் அரசாங்கக் காணிக் கந்தோரும் எங்கள் பள்ளிக்கூடமும். மற்றதெல்லாம் வயலும் வாய்க்காலும். குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்துக் குடியேறிய சனங்கள், பெரும்பாலும் என்னைப் போல யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்தவர்கள்தான். காடு வெட்டத் தெரியும், வரம்பு கட்டத் தெரியும், யானை கலைக்கத் தெரியும். ஆனால் கடுதாசி ஒன்று வந்தால் அதை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி அரை நாள் அலைகிறவர்கள் அவர்களுக்குள் நிறையப் பேர்.

வளர்ந்த ஆட்களுக்கு அங்கே ஓர் எழுத்து வகுப்பு வைத்தேன், அது துவங்கினதும் கோபத்தில்தான். ஒரு சனிக்கிழமை சங்கக்கடையில் அரிசிக் கூப்பனோடு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு மனுசி, முப்பத்தைந்து வயது சொல்லலாம், பதிவுப் புத்தகத்தில் கைநாட்டு வைக்கிறா. மை அப்பிக்கொண்டு வருகிறதே தவிர ரேகை விழவில்லை. மனேச்சர் இரண்டாம் தரம் வைக்கச் சொன்னார், மூன்றாம் தரமும் சொன்னார். பிறகு சத்தம் போட்டார்.

"இதென்ன பிள்ளை கை? பெருவிரலிலை ரேகையே இல்லை. ஆரின்ர எண்டு நான் எழுதுறது?"

அவாவுக்கு ஆலையில் நெல் அவிக்கிற வேலை. சுடுதண்ணீர்த் தொட்டிக்குள்ளும் ஆவி பறக்கிற நெல்லுக்குள்ளும் கையைப் போட்டுப் போட்டு விரல் தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றா. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அவா என்ன களவே எடுத்தவா, இப்பிடிக் கத்துறியள்? பேரெழுதப் படிப்பிச்சு விடுங்கோவன்!" என்றேன்.

மனேச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ரீச்சர் நானோ, நீங்களோ? படிப்பியுங்கோவன், நான் வேண்டாமெண்டே சொன்னனான்?"

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. "படிப்பிக்கத்தான் போறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க என் குணம் விடுமா?

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனேச்சருக்கு வாய்தான் கெட்டது, மனம் கெட்டதில்லை. அடுத்த கிழமையே சங்கக் கூட்டத்தில் பேசி இருபது சிலேட்டும் ஒரு பெட்டி சிலேட்டுப் பென்சிலும் எடுத்துத் தந்தார். எங்கள் பெரிய வாத்தியார் பழைய கரும்பலகை ஒன்றையும் உட்கார இரண்டு வாங்குகளையும் இரவல் தந்தார். ஆலை முதலாளியிடம் நானும் மனேச்சரும் போய்க் கேட்டோம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "என்ர ஆக்கள் படிச்சா எனக்கும் நல்லதுதானே" என்று தவிடு அடுக்குகிற கொட்டிலைத் துப்புரவாக்கித் தந்தார். புடவைக்கடை நானாவிடம் நாங்கள் கேட்கவே இல்லை. அவராக வந்து, "பழைய பேப்பர் கட்டுக்கட்டாக் கெடக்கு ரீச்சர், பெரிய எழுத்தப் பாத்து வாசிச்சுப் பழகட்டும்" என்று ஒரு கட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஒருவரிடமும் எல்லாம் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பலகை இருந்தது, வளர்ந்த ஆட்கள் வந்து இருக்க வெட்கப்பட்டார்கள். ஆலையில் இடம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், படிப்பிக்க ஒருவரும் இல்லை. நாலு பேரும் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து வைத்தபோது ஒரு வகுப்பு வந்துவிட்டது. அது நாலு பேரின் வகுப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான்தான் செய்தேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்புப் பின்னேரம் மூன்று மணிக்கு. அவித்த நெல்லை ஆலை முற்றத்துச் சீமெந்துத் தளத்தில் காயப் போட்டுவிட்டு அவர்கள் கொஞ்சம் ஓய்ந்திருக்கிற நேரம். முழு ஓய்வும் இல்லை. அரை மணிக்கு ஒருதரம் எழும்பிப் போய், நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிண்டிவிட்டு வரவேண்டும். நான் 'க' எழுதிக் காட்டிக்கொண்டிருப்பேன், யாராவது "ரீச்சர், நெல்லு!" என்பார்கள், முழு வகுப்பும் எழும்பி ஓடும். முதல் நாட்களில் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் கொட்டில் வாசலில் நின்று பார்த்தேன். அந்த அக்கா (சங்கக்கடையில் அழுத அதே மனுசிதான், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) காலால் கிண்டிக்கொண்டே நெல்லுக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு 'அ' போட்டு வைத்திருந்தா. சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் சரி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தான் போட்டதைத் தானே பார்த்துக்கொண்டு நின்றா. அதற்குப் பிறகு யார் எழும்பி ஓடினாலும் நான் ஏசவில்லை.

மொத்தம் பதினேழு பேர். மூட்டை சுமக்கிற ஒருவர் முதல் நாளே சிலேட்டைத் திருப்பி நீட்டினார். "என்ர மூளை அவிச்ச நெல்லு ரீச்சர், இனி முளைக்காது."

அக்கா பின்னாலிருந்து, "அவிச்ச நெல்லைத்தானே சோறாக்கிறனாங்கள், இருந்து எழுது ராசா!" என்றா. கொட்டில் சிரிப்பில் அதிர்ந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு இருந்து எழுதினார்.

வகுப்புத் துவங்கி மூன்றாம் கிழமை என்று நினைக்கிறேன், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அக்கா நின்றா. இடுப்பில் செருகியிருந்த துணிப் பொட்டலியை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தா. அரசாங்கம் காணி கொடுத்த பத்திரமான பேமிற்றின் தமிழ்ப் பிரதி. அவாவின் புருசன் பேரில் கிடைத்த மூன்று ஏக்கர் வயல், குடியிருக்க ஒரு துண்டு மேட்டுக்காணி. புருசன் காய்ச்சலில் செத்து இரண்டு வருடம். மூன்று பெண்பிள்ளைகள். வயலைப் புருசனின் தம்பி செய்து நெல்லில் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவின் பேருக்குக் காணியை மாற்றுகிற விசாரணை இன்னும் நடக்கவில்லை.

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வாசிக்கினம் ரீச்சர். காணி எனக்கெண்டு ஒருத்தர் சொல்லுறார், அவருக்கெண்டு ஒருத்தர் சொல்லுறார். நான் என்ர கண்ணாலை வாசிக்கோணும். எத்தினை மாதம் செல்லும்?"

நான் வாசித்துக் காட்டினேன். புருசனுக்குப் பிறகு மனைவிக்கு என்று தெளிவாக இருந்தது. கேட்டா, தலையாட்டினா, ஆனாலும் விடவில்லை.

"நீங்கள் பொய் சொல்லமாட்டியள், தெரியும். எண்டாலும் எத்தினை மாதம் செல்லும்?"

"ஆறு மாதம். விடாமல் வந்தால்."

"நான் விடன்" என்றா.

அவா விடவில்லை. விட்டது நான்.

ஒரு நாள் மனேச்சர் வேட்டி அவிழாத குறையாக ஓடி வந்தார். அந்தப் பகுதிக்கே பெரிய அரசாங்க அதிகாரியான டீ.ஆர்.ஓ. ஐயா வகுப்பைப் பார்க்க வரச் சம்மதித்துவிட்டாராம், முறைப்படி திறந்துவைப்பாராம். ஐந்து கிழமைதான் இருக்கிறதாம். அவருக்குப் பிடித்துவிட்டால் இதே மாதிரி ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் ஆலைக்காரரையும் கடைக்காரரையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து வகுப்பு வைக்கச் சொல்லுவாராம். ஐந்து கிழமையில் என்னத்தைக் காட்டுவது? ஆனா ஆவன்னா சொல்ல வைத்தால் பாலர் வகுப்பு என்று சிரிப்பார்கள். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வாசிப்பெல்லாம் பிறகு பார்ப்போம். முதலில் எல்லாரும் தங்கள் பேரைக் கையெழுத்தாகப் போடப் பழகட்டும். மேசையில் ஒரு பதிவேட்டை வைப்போம். ஒவ்வொருவராக வந்து ஐயாவுக்கு முன்னால் ஒப்பம் வைத்தால் சபை கைதட்டாதா?

முதலாளிக்கும் மனேச்சருக்கும் வாயெல்லாம் பல். நானா மட்டும் தாடியைச் சொறிந்தார்.

"வாசிக்கத் தெரியாம ஒப்பம் மட்டும் போட்டா, அது சரி வருமா ரீச்சர்?"

"ஆக்களுக்கு முதல்லை ஒரு உற்சாகம் வரோணும் நானா. வாசிப்பு ஓடியே போகுது?" என்றேன்.

ஐந்து கிழமையும் அதுதான் பாடம். ஒவ்வொருவரின் சிலேட்டிலும் அவரவர் பேரை நான் மேலே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பார்த்துப் பார்த்துக் கீழே எழுதினார்கள். கோலம் போடுகிற மாதிரித்தான். எந்த எழுத்து என்ன சத்தம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனால் கை தன்பாட்டில் போகும். அக்கா முதல் முறை பார்க்காமல் எழுதி முடித்த அன்று சிலேட்டை அழிக்க விடவில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினா. "இனி அந்த மனேச்சர் என்ர விரலைத் தொடட்டும் பாப்பம்!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அந்தச் சந்தோசம் பொய்யில்லை.

இதற்கிடையில் பேர்ப்பலகைக் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திருவிழா நோட்டீசோ, கலியாணக் காட்டோ, செத்தவீட்டுக் கண்ணீர் அஞ்சலியோ, ஆரின் பேர் மேலே, ஆரின் பேர் கீழே என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்போம். வகுப்புக்கு ஒரு பலகை எழுத மூன்று கூட்டம் நடந்தது. மூன்று கூட்டத்திலும், கையெழுத்துக்குப் பிறகு என்ன படிப்பிக்கப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் பள்ளிக்கூடம், சங்கம், ஆலை, புடவைக்கடை என்று வரிசை முடிவானது. "என்ட பேர விடுங்க, பலகையில எடம் மிச்சம்" என்றார் நானா. நாங்கள் அவரைப் பகிடி பண்ணினோம்.

திறப்பு நாள். மாவிலைத் தோரணம், மேளம், பூமாலை. டீ.ஆர்.ஓ. ஐயா வெள்ளைக் காற்சட்டையோடு வந்து இறங்கினார். பதிவேட்டின் முதல் பக்கத்தில் முதல் நாளே நான் தலைப்பு எழுதி வைத்திருந்தேன், கொட்டை எழுத்தில், கீழே இரட்டைக் கோடு போட்டு: 'எழுத வாசிக்கக் கற்றுக்கொண்டோர்'. 'பெயரெழுதக் கற்றுக்கொண்டோர்' என்று உள்ளதை எழுதியிருக்கலாம். அது எடுப்பாக இல்லையே!

பதினேழு பேரும் வந்து ஒப்பம் வைத்தார்கள். அக்கா மேசைக்கு வருமுன் தொட்டியடியில் கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தா. எழுதி முடித்ததும் மனேச்சரை ஒரு பார்வை பார்த்தா பாருங்கோ, அவரே எழும்பி நின்று கைதட்டினார். ஐயா பக்கத்தின் அடியில் தன் கையெழுத்தையும் போட்டு, "மெத்தச் சந்தோசம் ரீச்சர்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பிறகு பேர்ப்பலகையின் சீலையை விலக்கினார். ஆலையின் பேர் சிவப்பில், ஒரு முழ எழுத்தில். அதன் கீழே 'நிறுவுநர்' என்று முதலாளியின் பேர். அதற்கும் கீழே சின்னதாகச் 'சங்கத்தின் ஆதரவுடன்'. பள்ளிக்கூடம் இல்லை. புடவைக்கடை இல்லை. நான் எங்கே இருக்கப்போகிறேன்! சபையில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடக் காவலாளியையும் ஒரு மாட்டு வண்டியையும் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போனேன். முதலாளி ஓடி வந்தார்.

"ரீச்சர், அது பெயின்றர் விட்ட பிழை. மாத்தி எழுதுவிப்பம்."

"பெயின்றருக்கு உங்கட பேர் மட்டும் வடிவாத் தெரிஞ்சிருக்கு, என்ன?"

கரும்பலகையும் வாங்குகளும் வண்டியில் ஏறின. தளத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பொருள் போனதும், சங்கத்துப் பொருள் மட்டும் ஏன் அங்கே என்று மனேச்சர் சிலேட்டுகளை எடுத்துக்கொண்டார். கொட்டிலில் திரும்பவும் தவிட்டு மூட்டை ஏறியது. நானா மட்டும் இரண்டு மாதமாகப் பேப்பர்க் கட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அது கொட்டில் வாசலில் கிடந்து நனைந்தது. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் ஒரு வகுப்பும் துவங்கவில்லை.

நானா ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "வெளிப்பலகையில பேர் இல்லாட்டி என்ன ரீச்சர்? உள்பலகையில எழுதுறது நீங்கதானே."

"உங்களுக்கு இது விளங்காது நானா" என்றேன். அவருக்கு விளங்கிய அளவு அந்தப் பட்டணத்தில் வேறு ஒருவருக்கும் விளங்கியிருக்கவில்லை. முதலாளியும் ஆளனுப்பினார், வந்து கதைக்கட்டாம் என்று. "அவர் வரட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. நானும் போகவில்லை. எங்கள் இரண்டு பேரின் வீறாப்புக்கும் நடுவில் மழை வந்து, காலபோக நெல் விதைப்பு வந்து, மாதங்கள் ஓடின.

அக்கா இரண்டு தரம் வந்தா. முதல் தரம், "வகுப்பு எப்ப ரீச்சர் துவங்கும்?" என்று கேட்டா. "அதை உங்கட முதலாளியிட்டைக் கேளுங்கோ" என்றேன். இரண்டாம் தரம் நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் படலையடியில் நின்றா. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நான் தனிய இஞ்ச வந்து படிக்கட்டே ரீச்சர்? ஒரு மணித்தியாலம் போதும். வாசிக்க மட்டும்."

என்ன மறுமொழி சொன்னேன் தெரியுமா? "ஒராளுக்குப் படிப்பிச்சா மற்ற ஆக்கள் என்ன நினைப்பினம்? அது முறையில்லை அக்கா." முறையாம்! உண்மை என்னவென்றால், ஆலையில் வேலை செய்கிற ஒருவர் என்னிடம் படித்தாலும் அந்தப் பேர் முதலாளிக்குப் போய்விடும் என்று எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. அக்கா "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனா. பிறகு வரவில்லை.

அறுவடை முடிந்த சமயம், ஒரு காலை பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றா. கையில் காணிக் கந்தோரிலிருந்து வந்த கடிதம். "இதை ஒருக்கா வாசியுங்கோ ரீச்சர்" என்றா. நான் நின்றபடியே வாசித்தேன். 'தங்களால் வயலைப் பராமரிக்க இயலாதென்றும், உரிமையைக் கணவரின் சகோதரருக்கு விட்டுக்கொடுப்பதாகவும் தாங்கள் கையொப்பமிட்டுத் தந்த வாக்குமூலத்தின்படி...' அதோடு நிறுத்திவிட்டு அவாவை நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்கள் இப்பிடி எழுதிக் குடுத்தனீங்களோ?"

"இல்லையே! விதைநெல்லும் பசளையும் எடுக்க ஒரு கடுதாசி வேணுமெண்டு புருசன்ர தம்பி கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனவர். மனு பெட்டிசம் எழுதுறவரிட்டை எழுதுவிச்சு வைச்சிருந்தவர். கந்தோர் ஐயா, எழுத வாசிக்கத் தெரியுமோ எண்டு கேட்டவர். நான் ஓம், படிச்சனான் எண்டனான். சுத்திவர ஆக்கள் நிண்டவை. அவர் அப்பிடிக் கேட்க எனக்குப் பெருமையா இருந்தது ரீச்சர்."

ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு வரலாம் என்று கடிதத்தின் அடியில் இருந்தது. அன்றே ஆட்சேபம் எழுதினேன். கோபம் வந்தால் என் பேனா நன்றாக ஓடும். அந்த மைத்துனன்காரனைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன்.

விசாரணை நாளில் அக்காவோடு நானும் போனேன், புருசனின் தம்பியான அந்த மைத்துனனும் வந்திருந்தான். விசாரித்த உத்தியோகத்தர் இளம் வயது, பொறுமையான மனிதர். மேசையில் இருந்த காகிதக் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கைநாட்டு எண்டால் நாங்கள் வாசிச்சு விளங்கப்படுத்தி, சாட்சி வைச்சுத்தான் எடுப்பம். இவா கையெழுத்து வைச்சிருக்கிறா. வாசிக்கத் தெரியுமெண்டும் சொல்லியிருக்கிறா. அதுதான் ஒருத்தரும் வாசிச்சுக் காட்டேல்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தேய்ந்த பெருவிரல் அவாவுக்கு ஒரு காவலாக இருந்திருக்கிறது. மை அப்பினாலும், மனேச்சர் கத்தினாலும், ஒரு மனிதர் அந்தத் தாளை அவாவுக்கு வாசித்துக் காட்டியே ஆகவேண்டும். அந்தக் காவலை நான் எடுத்துவிட்டு வேறொன்றையும் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். வாக்குமூலத்தை உத்தியோகத்தர் என் பக்கம் திருப்பிக் காட்டினார். அடியில் அக்காவின் கையெழுத்து, நான் சிலேட்டில் எழுதிக் கொடுத்த அதே சரிவோடு, ஒரு பிழையும் இல்லாமல்.

"அவாவுக்கு வாசிக்கத் தெரியாது ஐயா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மைத்துனன் கக்கத்தில் வைத்திருந்ததை எடுத்து மேசையில் வைத்தான். எங்கள் பதிவேடு. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். முதல் பக்கம் விரித்திருந்தது: கொட்டை எழுத்து, இரட்டைக் கோடு, பதினேழு ஒப்பம், அடியில் டீ.ஆர்.ஓ. ஐயாவின் கையெழுத்து.

உத்தியோகத்தர் அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கு ஆர் படிப்பிச்சது?"

"இந்த ரீச்சர்தான்" என்றா அக்கா. அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தலைப்பு நீங்கள் எழுதினதோ?"

"ஓம் ஐயா."

"அப்ப இவாவுக்கு வாசிக்கத் தெரியும்?"

'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு, டீ.ஆர்.ஓ. ஐயாவுக்கு முன்னால் நான் பொய் எழுதி வைத்து மாலை வாங்கினேன் என்று ஆகிவிடும். பெரிய வாத்தியாருக்குக் கடிதம் போகும். ஆலை முதலாளி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இதெல்லாம் கண் மூடித் திறக்கிற நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. எதற்கெல்லாமோ எரிந்து விழுகிற என் கோபம் அந்த நேரத்தில் எங்கே போய் ஒளித்ததோ தெரியாது.

"கொஞ்சம்... கொஞ்சம் வாசிப்பா, ஐயா" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தா. கோபமாக இல்லை. ரீச்சரே சொல்லுறா, அப்ப எனக்கு வாசிக்கத் தெரியுமோ என்று தனக்குள் யோசிக்கிற மாதிரிப் பார்த்தா.

குடியிருக்கிற மேட்டுக்காணித் துண்டை அவாவுக்கு விட்டார்கள். வயல் போய்விட்டது. துணிப் பொட்டலிக்குள் இருந்த பேமிற் பிரதியை, இனி அது செல்லாது என்று வாங்கிக் கோவைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

கந்தோரால் வெளியே வந்து தெருவில் நடந்தோம். வெயில் கொளுத்தியது. ஆலை வாசல் வந்ததும் அவா நின்றா. பின்னேர வேலை இருந்தது, தளத்தில் வேறு யாருடைய நெல்லோ காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, நாளையிலை இருந்து வீட்டை வாங்கோ. வாசிக்க நான் படிப்பிக்கிறன். ஒரு நாளும் விடமாட்டன்."

அவா வெறும் பொட்டலித் துணியை உதறி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டா.

"இனி என்னத்தை ரீச்சர்? வாசிக்கிறதுக்கு என்னட்டை இருந்தது அந்த ஒரு தாள்தானே" என்று சொல்லிவிட்டு நெல் கிண்டப் போனா.